வெந்நீரில் வேகும் சோறு

இமயத்தின் இடுக்கில் மணிகரண்: அடுப்பில்லாத சமையல், யாரென்று கேட்காத பந்தி, தலைக்கு மேலே பிடி தளர்ந்த பாறைகள்

காலை ஆறரை மணி. அக்டோபர் குளிர் காதைக் கடிக்கிறது. பார்வதி ஆற்றின் மேல் உள்ள நடைபாலத்தில் நின்றால் எதிர்க்கரையில் இருக்கும் ஊர் தெரியவில்லை. மூடுபனி என்று நினைத்தால் தவறு. அது ஆவி. கரையோரப் பாறைகளின் இடுக்கிலிருந்தும், கோயில் படிகளின் அடியிலிருந்தும், தெருவோரச் சாக்கடையிலிருந்தும்கூட வெள்ளையாகப் புகைந்து எழுகிறது. பத்தடி கீழே பனிமலையிலிருந்து உருகி வந்த ஆறு, கையை வைத்தால் விறைத்துப்போகும் சில்லிப்பில், பேச்சுக்குரல் கேட்காத இரைச்சலோடு ஓடுகிறது. பத்தடி மேலே அதே கரையில் நீர் கொதிக்கிறது.

"ஊர் முழுக்க இட்லிப் பானையைத் திறந்து வச்ச மாதிரில்லா இருக்கு" என்கிறார் உடன் வந்த அத்தை. வயது 72. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சிவ தீட்சை பெற்ற சைவக் குடும்பம். வெளியே போனால் பழமும் பாலும் தவிர எதையும் தொடாதவர். காசிக்குப் போனபோதும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் புழுங்கலரிசியும் கூடவே போயின. இம்முறை ஸ்டவ்வை நான்தான் தடுத்துவிட்டேன். "அங்கே அடுப்பே வேண்டாம் அத்தை, தண்ணியிலேயே சோறு வேகும்" என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறேன். அரிசி மட்டும் ஐந்து கிலோ வந்திருக்கிறது, ஒரு ஜவுளிக்கடையின் மஞ்சள் பையில்.

இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மணிகரண். குல்லுவுக்குச் சற்றுத் தெற்கே பூந்தரில் பார்வதி ஆறு பியாஸ் நதியில் கலக்கிறது. அங்கிருந்து பார்வதியை எதிர்த்து ஏறத்தாழ 35 கி.மீ. ஏறினால் ஊர் வந்துவிடும். டெல்லியிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் இரவு பஸ்கள் பூந்தர் வழியாகவே மணாலிக்குப் போகின்றன. அகலமான நெடுஞ்சாலை பூந்தரோடு சரி. அப்புறம் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். அத்தை ஜரி தாண்டும்வரை சிவபுராணம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெயரைக் கேட்டதுமே அவருக்குப் பிடித்துப்போனது. காசியில் மணிகர்ணிகைக் கட்டத்தைப் பார்த்தவருக்கு மணிகரண் அந்நியமாக இருக்குமா? இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள்தாம்: மணி, கர்ணம். காதணி. கதையும் கிட்டத்தட்ட அதுவே. சிவனும் பார்வதியும் இந்தப் பள்ளத்தாக்கின் அழகில் மயங்கி நெடுங்காலம் தங்கிவிட்டார்கள். ஒருநாள் அம்மையின் காதுமணி நீரில் விழுந்து பாதாளத்துக்குப் போய்விட்டது. ஆதிசேஷன் அதைத் தர மறுக்க, சிவன் சினந்து எழ, அஞ்சிய சேஷன் சீறினான். அந்தச் சீற்றத்தில் கொதிநீர் பீறிட்டது, மணிகளும் கூடவே மேலே வந்தன. 1905 வரை ஊற்றில் மணிகள் வந்துகொண்டிருந்ததாக ஊரில் சொல்கிறார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி காங்ரா பூகம்பம் இந்த மலைகளை உலுக்கியது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். மணி வருவது நின்றது. சிவன் கோயில் சற்றே சாய்ந்தது. இன்றும் சாய்ந்தே நிற்கிறது.

விஞ்ஞானிகளின் சேஷன் வேறு. இங்கே எரிமலை எதுவும் இல்லை. மலை மேல் விழும் மழையும் உருகும் பனியும் பாறைப் பிளவுகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் காய்ந்து, வேறு பிளவுகள் வழியே விரைவாக மேலே ஏறி வருகின்றன. இங்குள்ள பாறை வகைக்குப் புவியியல் நூல்களில் இந்த ஊரின் பெயரே வழங்குகிறது: மணிகரண் குவார்ட்சைட். நாட்டில் ஏறத்தாழ 340 வெந்நீரூற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1991இல் வெளியிட்ட தொகுப்பு பட்டியலிட்டது. அவற்றில் மிகச் சூடானவற்றுள் ஒன்று இது. கடற்கரையில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மணிகரண் ஊற்றின் சூடும் அதை ஒட்டியதே. அதாவது பூமிக்கடியிலிருந்து வருவது வெதுவெதுப்பான நீரல்ல, உலை.

அடுப்பின்றி ஓர் அடுக்களை

ஊற்றுத் தொட்டியைச் சுற்றிக் கம்பித் தடுப்பு. கடைகளில் சின்னத் துணிப் பைகளில் அரிசியும் கொண்டைக்கடலையும் விற்கிறார்கள். வாங்கி, நீளக் கயிற்றில் கட்டி, கொதிக்கும் நீரில் தொங்கவிட்டுவிட்டுத் தடுப்பில் சாய்ந்து நிற்க வேண்டியதுதான். பஞ்சாபிலிருந்து வந்த குடும்பங்கள், டெல்லி மாணவர்கள், ஒரு குஜராத்தி முதியவர் என்று இருபது கயிறுகள் ஒரே தொட்டியில். சற்றுத் தள்ளி உருளைக்கிழங்கை வலையில் கட்டி இறக்கிக்கொண்டிருக்கிறான் ஒரு சிறுவன்.

அத்தை கடைப் பையை வாங்கவில்லை. தன் பழைய வெள்ளை வேட்டியிலிருந்து கிழித்து வந்த துண்டில் இரண்டு கை புழுங்கலரிசியை முடிந்தார். முடிச்சைத் தளர்வாகப் போட்டார். "அரிசி மலர இடம் வேணும்லா." அருகில் நின்ற பஞ்சாபி அம்மாள் அதைப் பார்த்துத் தலையசைத்தார். அவருடைய மூட்டையும் தளர்வாகவே கட்டப்பட்டிருந்தது. இறுக்கிக் கட்டிய டெல்லிப் பையன்களின் பைகள் அரைமணியில் பந்துபோலப் புடைத்து, உள்ளே பாதி வெந்தும் வேகாமலும் வெளியே வந்தன.

பச்சரிசிக்கு இருபது நிமிடம் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பஞ்சாபி அம்மாளின் அரிசி கணக்காக வெந்துவிட்டது. அத்தையுடையதை வெளியே எடுத்தால் நறுக்கென்று இருந்தது. மறுபடி இறக்கினார். மீண்டும் எடுத்தார். புழுங்கலரிசி எந்த மலையிலும் தன் குணத்தை விடுவதில்லை. பஞ்சாபி அம்மாள் போகாமல் காத்து நின்றார், ஏதோ பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதைப் போல. இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. கையைக் காட்டியும் அரிசியை விரலால் நசுக்கிப் பார்த்தும் பேசிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் இரண்டு முறை குறுக்கிட்டு, இரண்டு முறையும் தேவைப்படாமல் ஒதுங்கினேன்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. முடிச்சை அவிழ்த்தபோது மல்லிகை மொட்டுபோல் பொலபொலவென்று சோறு. ஊற்றின் வாசனை லேசாக இருந்தது, மழைக்குப்பின் கல்லில் வருமே, அதுபோல. கொஞ்சம் உப்பு, வீட்டிலிருந்து வந்த எலுமிச்சை ஊறுகாய். அத்தை ஒரு வாய் உண்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏல, நெருப்பும் இல்ல, யார் கையும் படல. இதுக்கு என்ன பேரு?" பிரசாதம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன். பஞ்சாபி அம்மாள் தன் சோற்றில் ஒரு பிடியை நீட்டினார். அத்தை ஒரு கணம் யோசித்தார். பிரசாதத்தை மறுப்பது பாவம். வாங்கிக்கொண்டார்.

லங்கரும் நங்கூரமும்

ஊரில் கண்ணில் முதலில் படுவது குருத்வாராதான். ஆற்றங்கரையில் பல மாடிகளோடு எழுந்து நிற்கிறது. குரு நானக் தம் சீடர் மர்தானாவுடன் இங்கே வந்தார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. பசித்த மர்தானாவிடம் மாவு இருந்தது, நெருப்பு இல்லை. குரு சொன்னபடி ஒரு கல்லைப் புரட்ட, வெந்நீர் பொங்கியது. மர்தானா தட்டிப்போட்ட ரொட்டிகள் நீரில் மூழ்கிவிட்டன. ஒரு ரொட்டி கடவுளுக்கு என்று வேண்டிக்கொள்ளச் சொன்னார் குரு. வேண்டியதும் எல்லா ரொட்டியும் வெந்து மிதந்தன. இப்போதுள்ள குருத்வாராவின் தொடக்கம் 1940இல் இங்கு வந்து சேர்ந்த பாபா நாராயண் ஹரியின் உழைப்பு. ஆவி பறக்கும் இந்தக் கரையில் ஒரு வழிபாட்டிடத்தையும், வருவோர்க்கெல்லாம் சோறு போடும் அடுக்களையையும் கட்டியெழுப்பியவர் அவர்.

அந்த அடுக்களையை எட்டிப் பார்க்க வேண்டும். ஆளுயரம் இல்லை என்றாலும் ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாக்கள் ஊற்றுக் குழிகளில் கழுத்துவரை இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மேலே மூடி, மூடியின் மேல் துணி. உள்ளே அரிசியும் பருப்பும் வேகின்றன. சத்தமே இல்லை. விறகு இல்லை, புகை இல்லை, கேஸ் சிலிண்டர் உருளும் ஓசை இல்லை. ரொட்டியும் தாளிப்பும் மட்டும் நெருப்பில்.

சாப்பாட்டுக் கூடத்தில் காலணி கழற்றி, தலையை மூடி உட்கார வேண்டும். எனக்குக் கைக்குட்டை, அத்தைக்கு முந்தானை. நீளப் பாய்கள். யாருக்கும் தனி இடம் கிடையாது. டெல்லியிலிருந்து காரில் வந்தவரும், அவர் காரை ஓட்டி வந்தவரும், ஆற்றங்கரையில் கல் உடைப்பவரும் தோளோடு தோள். இந்த வரிசைக்குப் 'பங்கத்' என்று பெயர். நம் 'பந்தி'யும் அதுவும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். உறவு முறை ஒன்றானாலும் குணம் ஒன்றல்ல. நம்மூர்ப் பந்திகளில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்கு இருந்த சட்டங்களை என் தலைமுறையே பார்த்திருக்கிறது. 'லங்கர்' பாரசீகச் சொல். அன்னசாலை என்பதோடு கப்பலை நிறுத்தும் கருவி என்றும் அதற்குப் பொருள் உண்டு. நம் 'நங்கூரம்' அதன் வழி வந்ததாகவே அகராதிக்காரர்கள் சொல்வார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்தப் பந்தியில் கிடைத்த உபரி இனிப்பு அது.

முதல் நாள் அத்தை பந்திக்கு வரவில்லை. வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். கொட்டும் சோறும் கெட்டியான பருப்பும் கடைசியில் ஒரு கரண்டி பாயசமும் எனக்கு மட்டும்.

சோறு உண்ண முடியாத ராஜா

பந்தியிலிருந்து எழுந்து பழைய பஜாருக்குள் நடந்தால் சீக்கியர் ஊர் குல்லுக்காரர்களின் ஊராக மாறுகிறது. ஸ்லேட் கல் வேய்ந்த மர வீடுகள், மரத்தாலான நைனா பகவதி கோயில், ஒரு திருப்பத்தில் ராமர் கோயில். அதைக் கட்டியவர் 17ஆம் நூற்றாண்டில் குல்லுவை ஆண்ட ஜகத் சிங். வெறும் பக்தியால் கட்டப்பட்டதல்ல அது, குற்றவுணர்வால்.

பார்வதிப் பள்ளத்தாக்கில் திப்ரி என்ற கிராமத்தில் துர்கா தத் என்றொரு பிராமணர் இருந்தார். அவரிடம் ஏராளமான முத்துக்கள் இருப்பதாக யாரோ ராஜாவிடம் கோள் சொன்னார்கள். மணிகரணுக்குப் போகும் வழியில் ராஜா முத்துக்களைக் கேட்டார். இல்லாததை எப்படிக் கொடுப்பது? திரும்பி வரும்போது தருகிறேன் என்று தவணை சொன்னார் பிராமணர். ராஜா திரும்பி வந்தபோது, வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு தீயில் மாண்டுபோனார்.

அதன்பின் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் வைத்த சோறு புழுவாக நெளிந்தது, குடிக்கத் தந்த நீர் ரத்தமாகத் தெரிந்தது. பயஹாரி பாபா என்ற வைணவத் துறவி வழி சொன்னார்: அயோத்தியிலிருந்து ரகுநாதர் சிலையைக் கொண்டுவந்து, ராஜ்ஜியத்தையே அவர் காலடியில் வை. தாமோதர் தாஸ் என்பவர் சிலையைக் கொண்டுவந்தார் - களவாடி வந்தார் என்றே குல்லுவில் கூசாமல் சொல்கிறார்கள். சிலை குல்லு போய்ச் சேருமுன் சிறிது காலம் இந்த மணிகரணில் இருந்தது. ராஜாவுக்குப் பழைய உடல் திரும்பியது. ரகுநாதரே அரசர், ராஜா அவருடைய ஊழியர் என்று ஆயிற்று. பள்ளத்தாக்கின் தெய்வங்களெல்லாம் பல்லக்கில் வந்து ரகுநாதரைக் காணும் குல்லு தசரா அங்கே பிறந்ததுதான். அந்தக் கிராம தேவதைகள் இன்றும் முறைவைத்து மணிகரணுக்கு நீராட வருகின்றன.

கதையை எந்த அளவு நம்புவது என்பது வேறு. குடிமகனின் வீட்டை எரித்த ராஜாவுக்குச் சோற்றைத்தான் தண்டனையாக்க வேண்டும் என்று இந்த மலைமக்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நம்பாமல் இருக்க முடியவில்லை. அத்தையிடம் சொன்னபோது, "பசிச்சவன் வயித்துல அடிச்சா அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்.

ஊற்றுக்கு அப்பால்

மலைச்சாப்பாடு என்றால் லங்கர் மட்டுமல்ல. குல்லு வீடுகளின் பெருமை சித்து. கோதுமை மாவைப் பிசைந்து புளிக்க வைத்து, உள்ளே வால்நட், கசகசா அல்லது அரைத்த உளுந்து வைத்து மூடி, ஆவியில் வேகவைக்கிறார்கள். உப்பி வந்ததைப் பிட்டு, உள்ளே உருகிய நெய்யை ஊற்றித் தருகிறார்கள். கொழுக்கட்டைக்கும் இட்லிக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மூதாட்டி தன் வீட்டு முன்னறையிலேயே விற்கிறார். ஒன்று தின்றால் மத்தியானம்வரை தாங்கும். நான் இரண்டு தின்றேன். வசந்த காலத்தில் வந்தால் லிங்ரி எனும் காட்டுப் பெரணித் தளிரின் பொரியல் கிடைக்கும். மற்ற மாதங்களில் அதன் ஊறுகாய். மலையடிவாரத்தில் அசைவம் உண்பவர்களுக்கு டிரவுட் மீன். வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காக நூறாண்டுக்கு முன் குல்லு ஆறுகளில் விட்டது அது. மணிகரண் ஊருக்குள் கேட்காதீர்கள்.

நான்கு கி.மீ. கீழே கசோல். அங்கே சாப்பாட்டுக் கடைப் பலகைகளில் ஹீப்ரு எழுத்துக்கள். ராணுவ சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் பல ஆண்டுகளாக வந்து தங்குவதால் ஹம்மஸும் ஷக்ஷூகாவும் சித்துவைவிடச் சுலபமாகக் கிடைக்கின்றன. கஞ்சா தேடி வருகிறவர்களும் உண்டு. போலீஸ் சோதனைகளும் உண்டு. ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கடந்துவிட்டோம்.

அத்தைக்குக் குறை ஒன்று உண்டு. ஆற்றின் மேல்போக்கில், பர்ஷேணி வரை வண்டியில் போய் அங்கிருந்து பல மணி நேரம் நடந்தால் கீர்கங்கா. அங்கும் வெந்நீரூற்று. அங்கே நெடுங்காலம் தவமிருந்தவர் கார்த்திகேயன் என்று டாக்ஸி டிரைவர் சொல்லிவிட்டார். பார்க்க வந்த பார்வதி பிள்ளைக்குக் கீர் கொண்டுவந்தாளாம். அது அங்கே ஆறாக ஓடியதாம். பின்னாளில் ஜனங்கள் அடித்துக்கொள்வார்களே என்று பரசுராமர் அதை வெந்நீராக மாற்றிவிட்டாராம். "முருகனா? இங்கயா?" என்று அத்தை எழுந்து நின்றுவிட்டார். முழங்கால் வலியை நினைவூட்டி உட்கார வைக்க வேண்டியிருந்தது. வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "பழத்துக்குக் கோவிச்சிட்டுப் போன புள்ளைக்கு இங்க பாயசம் குடுத்துச் சமாதானம் பண்ணியிருக்கா, தாயி."

பாறையும் சுரங்கமும்

மூன்றாம் நாள் காலை வெந்நீர்க் குளத்தில் குளித்துவிட்டு (தண்ணீர் கலந்து இதமாக்கியது, ஆண், பெண்ணுக்குத் தனித்தனி) மேலே நிமிர்ந்து பார்த்தேன். குருத்வாராவுக்குப் பின்னால் செங்குத்தாக மலை. தேவதாரு மரங்கள் வேரால் பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எல்லா நாளும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. 2015 ஆகஸ்டில் மேலிருந்து உருண்ட பாறைகள் குருத்வாராக் கட்டடத்தைத் துளைத்ததில் யாத்ரீகர்கள் உயிரிழந்தார்கள். 2025 மார்ச் 30ஆம் தேதி குருத்வாராவுக்கு அருகே மண்ணோடு மரமும் சரிந்து விழுந்து ஆறு பேர் மாண்டார்கள். பக்கத்துச் சோஜ் கிராமத்தை 2022 ஜூலையில் திடீர் வெள்ளம் அடித்தது. 2023 ஜூலை வெள்ளம் குல்லு மாவட்டம் முழுவதையும் பதம் பார்த்தது.

ஊருக்கு அகலம் கிடையாது. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு நாடா, அவ்வளவுதான். அந்த நாடாவின் மேல் ஆண்டுதோறும் ஹோட்டல்கள் ஒரு மாடி உயர்கின்றன, ஓரடி ஆற்றை நோக்கி நகர்கின்றன. ஒவ்வொன்றிலும் 'அறையிலேயே இயற்கை வெந்நீர்' என்று பலகை. ஊற்றிலிருந்து ரப்பர் குழாய்களும் இரும்புக் குழாய்களும் சந்துகளில் பாம்புகளாக ஓடுகின்றன. சேஷன் இப்போது இப்படித்தான் வெளியே வருகிறான் போலும்.

இந்தச் சூட்டை வேறு வகையில் பயன்படுத்தவும் பார்த்தார்கள். 1970களிலிருந்து பார்வதிப் பள்ளத்தாக்கில் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டு ஆராய்ந்தது. மணிகரணில் 5 கிலோவாட் சோதனை மின்நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஊற்றின் வெப்பத்தைக் கொண்டே 7.5 டன் கொள்ளளவில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றையும் அமைத்துப் பார்த்தார்கள். வெந்நீரால் ஆப்பிளைக் குளிர வைக்கும் வேடிக்கை! இரண்டும் பரிசோதனையைத் தாண்டி வளரவில்லை.

வளர்ந்தது ஆற்றைப் பிடிக்கும் வேலை. மணிகரணுக்கு மேலே, பர்ஷேணி அருகே பார்வதியைத் தடுத்து, 31 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே பக்கத்து சைஞ்ச் பள்ளத்தாக்குக்குத் திருப்புகிறது 800 மெகாவாட் திறனுள்ள இரண்டாம் பார்வதி மின் திட்டம். சுரங்கம் தோண்டும் ராட்சத இயந்திரமே பாறைக்குள் சிக்கி, ஆண்டுகள் பல இழுத்தடித்து, 2025இல்தான் முழுமையடைந்தது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் சண்டை இல்லை. ஆனால் மேலே திருப்பிய நீர் மணிகரண் வழியே வராது. அது கணக்கு. பனி உருகாத மாதங்களில், இந்தப் பாலத்தின் அடியில் கேட்கும் இரைச்சலில் எவ்வளவு மிஞ்சும்?

இதே இமாசலத்தில் சட்லஜ் கரையில் தத்தாபானி என்றோர் ஊர் உண்டு. பெயரின் பொருளே வெந்நீர். மணலைக் கையால் தோண்டினால் சூடான நீர் ஊறும் அந்தக் கரை, 2015இல் செயல்பாட்டுக்கு வந்த கோல் அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போனது. பிறகு ஆழ்துளையிட்டு வெந்நீரை மேலே கொண்டுவந்து புதிய குளியல் தொட்டிகள் கட்டித் தந்தார்கள். குளிக்கலாம். நான் அங்கும் குளித்திருக்கிறேன். தோண்டிய மணலில் கணுக்கால் அளவு நீரில் உட்கார்ந்திருந்த குழந்தைகளை முன்பு ஒருமுறை பார்த்தவனுக்கு, டைல்ஸ் ஒட்டிய தொட்டி ஓட்டல் குளியலறையாகத்தான் பட்டது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதிவரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர்வரை நல்லது. சனி, ஞாயிறு தவிர்த்தால் ஊரைப் பார்க்கலாம்; இல்லாவிட்டால் ஊருக்கு வந்தவர்களைத்தான் பார்க்கலாம். குருத்வாராவில் யாத்ரீகர்கள் தங்க இடம் தருகிறார்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் வெந்நீரில் அதிக நேரம் ஊற வேண்டாம். ஊற்றுத் தொட்டியில் விரலை விட்டுப் பார்க்கும் ஆசை குழந்தைகளுக்கு வரும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள் காலை, பெட்டி கட்டி முடித்து அத்தையைத் தேடினால் அறையில் இல்லை. குருத்வாராப் பந்தியில் கண்டுபிடித்தேன். பஞ்சாபி அம்மாளுக்குப் பக்கத்தில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டி பரிமாறுகிறவர் வந்தபோது மற்றவர்களைப் பார்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தினார். அது நெருப்பில் வெந்த ரொட்டி. யாரோ பிசைந்து, யாரோ தட்டியது. நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் மஞ்சள் பையை என் கையில் கொடுத்து அடுக்களைப் பக்கம் தள்ளினார். மிச்சமிருந்த நான்கு கிலோ அரிசி. உள்ளே இருந்த சர்தார்ஜி பையைப் பிரித்து, மங்கலான மஞ்சள் நிறத்தில் குண்டு குண்டாக இருந்த அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். இது என்ன அரிசி, எவ்வளவு நேரம் வேக வைப்பது என்று கேட்டார்.

"நாப்பது நிமிஷம்னு சொல்லு" என்றார் அத்தை. "நடுவுல தெறக்கக் கூடாதுன்னும் சொல்லு."

சொன்னேன்.